பொதுத் தாழ்வாரம்

நாம் குடியேறி வாழும் இம்மும்பை மாநகரின் வரலாற்றைப் பஞ்சாலைகளின் வரலாறாகவே பலரும் எழுதுவர். அவ்வாலைகளில் உழைத்தோர் வாழ்ந்த 'சால்'களின் வரலாறும் நாம் அறியத்தக்கதேயாம்.

1854-இல் காவஸ்ஜி தாவர் இங்கு முதற் பஞ்சாலைக்கு வித்திட்டார். கொங்கணத்தினின்று ஆடவர் திரளாக வந்தனர். ஓரூரார் பலர் கூடி ஓரறையை வாடகைக்குப் பிடித்தனர். பின்னாளில் இரவு வேலை முறையும் வரவே, பகல் முறைக்காரர் எழுந்த இடத்தில் இரவு முறைக்காரர் பாய் விரித்தனர். தனித்தனியே அடுப்பு மூட்டாது, பெண்டிர் சமைத்தளித்த 'காணாவள்'களில் மாதக் கணக்கில் உண்டனர்.

1920-இல் பம்பாய் அரசாங்கம் நிறுவிய வளர்ச்சி இலாகா, வொர்லி, நாய்காம், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் 207 கட்டடங்களை எழுப்பிற்று. ஓர் அறை 160 சதுர அடி. கழிப்பிடம் பொது, தாழ்வாரமும் பொது. படிப்பு, உறக்கம், பண்டிகை யாவற்றிற்கும் அத்தாழ்வாரமே இடந்தந்தது.

நிற்க. நெருக்கடியை நாம் புகழவில்லை. 1896-இல் பிளேக் நோய் மூண்டபோது இந்நகரின் நெருங்கிய குடியிருப்புகள் பெரிதும் துன்புற்றன. பகிர்வு அறத்தால் வந்ததன்று, வறுமையால் வந்தது. ஆயினும், வறுமை கற்பித்த பாடம் வறுமையோடு ஒழிய வேண்டுவதில்லை.

இன்று அக்கட்டடங்கள் இடிக்கப்பட்டு, குடும்பத்திற்கு 500 சதுர அடி வீடு அளிக்கப்பட்டு வருகிறது. நல்லதே. தனிக் கழிப்பறையும் தனிக் கதவும் வேண்டுவனவே. ஆயின், ஒரு செய்தித்தாளை நால்வர் படிப்பதற்கும், விருந்து நாளில் அண்டை வீட்டு அண்டாவை வாங்குவதற்கும் அக்கதவு தடையாதல் வேண்டா. ஊர்விட்டு வந்த நமக்கு இச்சங்கமும் ஒரு பொதுத் தாழ்வாரமன்றோ!