பதக்கத்தின் விளிம்பு

பழைய ராணுவப் பதக்கங்களைத் தேடிச் சேர்க்கிறேன் என்றால் நம் வட்டத்தில் ஒரு இளக்காரம் உண்டு. ‘வெள்ளைக்காரன் வீசுன எலும்புத்துண்டை எதுக்குய்யா பொறுக்கிட்டிருக்க?’ என்று நண்பர்களே கேட்டிருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பதக்கமும் ஒரு பிரதிதான். முகம், முதுகு, விளிம்பு மூன்றும் அதற்கு உண்டு. அரசதிகாரம் பேசுவது முகத்திலும் முதுகிலும். யார் உடம்பைச் செலவழித்து அது பேசுகிறதோ, அவர்கள் கிடப்பது விளிம்பில்.

உலோகத்திலிருந்தே தொடங்கலாம். 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி சோஹோ நாணயச்சாலையில் பதக்கம் அடித்தது. பிரிட்டிஷ் சிங்கம் திப்புவின் புலியை மிதித்து நிற்கிறது. மேலே பறக்கும் கொடியில் ‘இறைவனின் சிங்கமே வெல்லும்’ என்னும் பொருளில் அரபி வாசகம். திப்பு தன் ஆயுதங்களில் புலிமுகச் சின்னமாக எழுதிவைத்த அதே வாசகம்! தோற்றவனின் மொழியையும் சேர்த்தே கொள்ளையடித்திருக்கிறார்கள். சித்திரம் ஒன்று, உலோகம் ஐந்து: தங்கம், தங்கமுலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம். தளபதிகளிடம் தங்கமாகத் தொடங்கி, சிப்பாயிடம் வரும்போது வெள்ளீயமாகிவிடுகிறது. விளிம்பில் யார் பெயரும் கிடையாது.

இந்தப் பதக்கம் படைகளுக்கு விநியோகமானது 1808ஐ ஒட்டித்தான். நடுவில் ஒன்று நடந்துவிட்டது. 1806 ஜூலை 10 அன்று, அதே மதராஸ் ராணுவத்துச் சிப்பாய்கள் வேலூர்க் கோட்டையில் கலகம் செய்து மைசூர்க் கொடியை ஏற்றினார்கள். எந்தப் புலியின் பெயரால் எழுந்தார்களோ, அந்தப் புலி மிதிபடும் படம் அவர்கள் ராணுவத்துக்கே பரிசாக வருகிறது. பதக்கத்தை வெறும் விசுவாசத்தின் அடையாளமாக வாசிக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

அடுத்த கட்டம் இன்னும் நுட்பமானது. 1885-87 பர்மா யுத்தத்திலிருந்து ஒரே பதக்கம் இரண்டு உலோகங்களில் வருகிறது. துப்பாக்கி தூக்கியவனுக்கு வெள்ளி. ‘பின்தொடர்வோர்’ என்று பதிவேடு சொல்கிறவர்களுக்கு வெண்கலம். தண்ணீர் சுமந்தவர்கள், சமைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள், மலம் அள்ளியவர்கள், கோவேறுகழுதை ஓட்டியவர்கள். குண்டு ஆள் பார்த்துப் பாயவில்லை. உலோகம் ஆள் பார்த்தது. ஊரில் சாதி பிரித்துவைத்த வேலைகள் முகாமுக்குள் ராணுவ விதியாக மறுஅவதாரம் எடுத்ததை இந்த வெண்கலத்தில் தடவிப் பார்க்கலாம். 1903-04 திபெத் படையெடுப்பின் வெண்கலப் பதக்கங்கள் சிலவற்றின் விளிம்பில் ‘கூலி கோர்’ என்றே பொறித்திருக்கிறது.

முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் யுத்தப் பதக்கம் வெள்ளியில் ஏறத்தாழ 65 லட்சம், வெண்கலத்தில் 1,10,000. வெண்கலம் சீன, இந்திய, மால்டா உழைப்புப் படையினருக்கு. சீனத் தொழிலாளியின் பதக்கத்தில் பெயர்கூட இல்லை, வெறும் எண்தான். இந்தியா அந்தப் போருக்குத் திரட்டிக்கொடுத்தவர்களில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் போரிடாத பிரிவினர் என்கிறார் ராதிகா சிங்கா. நம் பாடப்புத்தகங்களில் இவர்களுக்கு ஒரு வரி உண்டா?

பறையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்டோர் ஏராளமாக இருந்த மதராஸ் ராணுவத்தை, 1881 முதல் 1885 வரை அதன் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் போன்றவர்கள் ‘போர்க்குலம்’ என்ற கதையாடலைக் கட்டி ஓரங்கட்டினார்கள். 1856இல் தொடங்கிய விக்டோரியா கிராஸை இந்தியச் சிப்பாய் பெறலாம் என்றானது 1911இல்தான். இந்த வரலாற்றுக்குப் பிறகுதான், 1944 பிப்ரவரி 24இல் இத்தாலியில் கண்ணிவெடியின்மேல் தன் உடம்பைப் போர்த்தி மற்றவர்களைக் காத்த மதராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியனுக்கு ஜார்ஜ் கிராஸ் வருகிறது. செத்த பிறகு.

இன்று இந்தப் பதக்கங்களை வைத்து இரண்டு குரல்கள் பேசுகின்றன. சாதிச்சங்க மலர்கள் ‘வீரப் பரம்பரை’ என்று மார்தட்டுகின்றன. தேசியவாதிகள் ‘கூலிப்படை’ என்று காறித் துப்புகிறார்கள். இரண்டு பேருமே பார்ப்பது முகத்தைத்தான். ‘போர்க்குலம்’ என்ற ராபர்ட்ஸின் அளவுகோலை உடைக்காமல் அதற்குள் தனக்கும் ஓர் இடம் கேட்பது விடுதலை ஆகாது. பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பிப் பட்டாளத்துக்கு ஓடியவனைத் துரோகி என்பதும் அறம் ஆகாது.

விளிம்பை வாசிப்பது வேறு வேலை. எண், பதவி, பெயர், படைப்பிரிவு. குமாஸ்தா காதில் விழுந்தபடி சிதைத்து எழுதிய பெயர். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்திய அலுவலகப் பதக்கப் பட்டியல்கள் வரை போகலாம். சந்தை இதற்குக் காத்திருக்காது. 1979-80இல் வெள்ளி விலை எகிறியபோது யுத்தப் பதக்கங்கள் குவியல் குவியலாக உருக்கப்பட்டன. நம்மூரில் வெள்ளி விலை ஏறவேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரு கல்யாணம், ஒரு வைத்தியச் செலவு போதும், அடகுக்கடைக்குப் போய்விடும். உருகும்போது முதலில் அழிவது விளிம்புதான்.

அதனால் நண்பர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். சேரியிலோ கிராமத்திலோ களப்பணிக்குப் போகும்போது, தாத்தாவின் பதக்கம் என்று யாராவது எடுத்துக் காட்டினால் ராஜாவின் தலையைப் பார்த்துவிட்டு முகம் சுளிக்காதீர்கள். விலைக்கும் கேட்காதீர்கள். ஒரு பூதக்கண்ணாடியை வைத்து விளிம்பில் இருப்பதை எழுத்து மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே, வீட்டில் அந்தத் தாத்தாவை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாதது அந்த இரண்டாவது பெயர்தான்.