ஏட்டில் ஏறிய ஆட்டமும் ஏறாத ஆட்டமும்

ஆஸ்திரேலியக் கால்பந்தாட்டத்தை முதன்முறை காண்பவர்க்குக் கண் சற்றே தடுமாறும். நாம் அறிந்த கால்பந்துக் களம் நாற்கோணமானது. இதுவோ கிரிக்கெட் ஆடும் நீள்வட்டத் திடல். அதன் நீள அகலங்களும் எல்லாத் திடல்களிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பந்தும் உருண்டையன்று, இரு முனையும் குவிந்த முட்டை வடிவினது. அணிக்குப் பதினெண்மர் களத்தில் நிற்கின்றனர். இரு கோடிகளிலும் வலையோ குறுக்குக் கட்டையோ இன்றி நான்கு கம்பங்கள் மட்டும் நிற்கின்றன. நடுக் கம்பங்கள் இரண்டனுக்கும் இடையே உதைக்கப்பெறும் பந்துக்கு ஆறு புள்ளி. ஓரத்து இடைவெளியில் சென்றால் ஒரு புள்ளி. இலக்கு நடுவர் ஆறுக்கு இரு கொடிகளையும் ஒன்றுக்கு ஒரு கொடியையும் வீசுகின்றார். இலக்குத் தவறியவனையும் வெறுங்கையோடு அனுப்பாத ஆட்டம் இது.

மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் இவ்வாட்டத்தைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியபோது என்னைப் பெரிதும் ஈர்த்தவை இரண்டு. ஒன்று, ஆஃப்சைடு என்னும் தடை அறவே இன்மை. பந்து எங்கிருப்பினும் வீரர் தாம் விரும்பிய இடத்தில் நிற்கலாம். ஆதலின் ஆட்டம் திடல் முழுவதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றது. மற்றொன்று, ‘மார்க்’ எனப்படும் பிடி. பதினைந்து மீட்டருக்குக் குறையாது உதைக்கப்பெற்ற பந்தை நிலந்தொடுமுன் பற்றியவர்க்கு, இடையூறின்றி மீண்டும் உதைக்கும் உரிமை உண்டு. அதன்பொருட்டு வீரர் எதிராளியின் முதுகிலும் தோளிலும் முழங்கால் ஊன்றி வானில் எழும்புகின்றனர். 1970ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் கார்ல்டன் அணியின் அலெக்ஸ் ஜெசாலெங்கோ அவ்வாறு எழும்பிப் பந்தைப் பற்றிய காட்சியை நேரில் காணத் திரண்டிருந்தோர் தொகை 1,21,696.

யாப்பிலக்கணம் கற்பித்துப் பழகிய மனம் ஒரு விதியைக் கண்டால் அது எங்கிருந்து வந்தது எனத் தேடும். விடையின் ஒரு பகுதி அம்மைதானத்தின் வெளியே சிலையாக நிற்கின்றது. 2001ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அச்சிலை, 1858ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் அருகிலிருந்த புல்வெளியில் ஸ்காட்ச் கல்லூரி மாணவரும் மெல்பர்ன் கிராமர் பள்ளி மாணவரும் ஆடிய ஆட்டத்துக்கு நடுவராக நின்ற தாமஸ் வென்ட்வொர்த் வில்ஸைக் காட்டுகின்றது. பக்கத்துக்கு நாற்பதின்மர் ஆடிய அவ்வாட்டம் மூன்று சனிக்கிழமைகள் நீண்டு, ஆளுக்கொரு கோலுடன் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜூலை 10ஆம் நாள், வில்ஸ் மெல்பர்ன் இதழொன்றுக்கு மடல் எழுதியிருந்தார். கிரிக்கெட் வீரர் குளிர்காலத்தில் உடல் சோம்பிக் கிடவாதிருக்கக் கால்பந்துக் கழகம் காண வேண்டும் என்பது அம்மடலின் வேண்டுகோள். மறு ஆண்டு மே 17ஆம் நாள் வில்ஸ், ஹாமர்ஸ்லி, தாம்சன், ஸ்மித் ஆகியோர் கூடிப் பத்து விதிகளை எழுதினர். ஓடுபவரைத் தள்ளலாம், இடறலாம். கால் எலும்பில் உதைத்தல் மட்டும் கூடாது. ஆஃப்சைடு பற்றிப் பேச்சே இல்லை. இங்கிலாந்தில் கால்பந்துச் சங்கம் தன் விதிகளை வகுத்தது 1863ஆம் ஆண்டில்தான். குடியேற்ற நாடொன்று தாய்நாட்டுக்கு நான்காண்டு முந்திக்கொண்டது என்பதில் மெல்பர்ன் மக்களுக்குப் பெருமிதம் இருப்பது இயல்பே.

இதுவரை சொன்னது ஏட்டில் ஏறிய வரலாறு. வில்ஸின் பிள்ளைப் பருவம் வேறொரு வரலாற்றின் வாயிலைத் திறக்கின்றது. 1835ஆம் ஆண்டு பிறந்த அவர், விக்டோரியாவின் மேற்கே கிராம்பியன்ஸ் மலையடிவாரத்தில் தந்தையின் ஆட்டுப்பண்ணையில் வளர்ந்தார். அந்நிலம் ஜாப் வுரங் என்னும் தொல்குடியினருடையது. அவர்தம் பிள்ளைகளே அவருக்கு விளையாட்டுத் தோழர். அவர்கள் மொழியையும் பாட்டையும் ஆட்டத்தையும் அவர் கற்றிருந்தார். பதினான்கு வயதில்தான் இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்கு அனுப்பப்பெற்றார்.

அத்தொல்குடியினரிடம் பந்தாட்டம் இருந்ததா? இருந்தது; இதில் ஐயமில்லை. குன்டிஜ்மாரா மொழியில் அதனை ‘மார்ன்குரூக்’ என்பர். போசம் என்னும் மரவாழ் விலங்கின் தோலில் கரித்தூள் அடைத்து, கங்காருவின் நரம்பால் இறுகக் கட்டிய பந்தை ஜேம்ஸ் டாசன் 1881ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விவரிக்கின்றார். 1878இல் வெளிவந்த பிரஃப் ஸ்மித்தின் தொகுப்பில், தொல்குடியினரின் பாதுகாப்பு அலுவலராயிருந்த வில்லியம் தாமஸ் தரும் விவரணை இடம்பெறுகின்றது. பந்தைப் பற்ற ஐந்தடி உயரம் வரை எழும்பிய ஆடவரை அதில் காண்கின்றோம். 1857ஆம் ஆண்டு பிளாண்டௌஸ்கி மேற்கொண்ட பயணத்தின் அடிப்படையில் செதுக்கப்பெற்ற படமொன்றில், முதியோர் தத்தம் வேலையில் இருக்கப் பின்னணியில் சிறுவர் பந்தை உதைத்து விளையாடுகின்றனர். வில்ஸ் மடல் எழுதியதற்கு ஓராண்டு முந்திய காட்சி அது.

அவ்வாட்டத்திலிருந்து இவ்வாட்டம் பிறந்ததா என்பதே வழக்கு. இல்லை என்போர் கையில் வலுவான சான்றுகள் உள்ளன. விதி வகுத்த நால்வரும் கலந்தாராய்ந்தவை இங்கிலாந்துப் பள்ளிகளின் விதிகளே. ‘மார்க்’ என்னும் சொல்லும் ரக்பியில் வழங்கியதே. உயர எழும்பிப் பற்றும் கலையோ விதிகள் எழுதப்பெற்றுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே பரவிற்று. வில்ஸ் தம் எழுத்தில் எங்கும் தொல்குடியினர் ஆட்டத்தைச் சுட்டவில்லை. வரலாற்றறிஞர் ஜெஃப்ரி பிளெய்னி 1990ஆம் ஆண்டு எழுதிய நூலில் இத்தொடர்பை ஏற்கவில்லை. 2008ஆம் ஆண்டு, ஆட்டத்தின் 150ஆம் ஆண்டு மலரில், ஜில்லியன் ஹிபின்ஸ் இதனை மனத்தை மயக்கும் கட்டுக்கதை என்ற கருத்துப்பட எழுதினார்; அதனால் பெரும் பூசல் எழுந்தது.

என் கருத்தைச் சொல்லிவிடுகின்றேன். மார்ன்குரூக்கிலிருந்து பத்து விதிகள் பிறந்தன என நிறுவ இயலாது. ஆயின் ஏட்டில் இல்லை என்பதனாலேயே நிகழவில்லை என முடிவு கட்டுவதும் ஆய்வு நெறியாகாது. வாய்மொழியாய் வழங்கிய பாட்டு தொகைநூல் ஆவதற்கு முன்பும் பாட்டாகவே இருந்தது என்பதைத் தமிழ் படித்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை. மேலும், அந்நாளில் எழுதுகோல் யார் கையில் இருந்தது என்பதும் கேட்கத்தக்க வினா. ஆட்டத்தைக் குறித்துவைத்தோர் குடியேறியோர். ஆடியோர் நிலம் இழந்துகொண்டிருந்தோர்.

வில்ஸின் வாழ்வே இதன் கொடிய சாட்சி. 1861ஆம் ஆண்டு அக்டோபரில் குயின்ஸ்லாந்தின் கல்லின்-லா-ரிங்கோ என்னுமிடத்தில் அவர் தந்தை உட்படப் பத்தொன்பது பேரைத் தொல்குடியினர் கொன்றனர். பழிவாங்கலில் மாண்ட தொல்குடியினரோ அதனினும் பன்மடங்கினர். ஐந்தாண்டுக்குப் பின் அதே வில்ஸ், தொல்குடியினர் கிரிக்கெட் அணியொன்றைப் பயிற்றி, 1866ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் மெல்பர்ன் மைதானத்தில் இறக்கினார். பழிவாங்கலில் அவரும் பங்குகொண்டார் எனக் கூறும் 1895ஆம் ஆண்டுச் சிகாகோ நாளேட்டுச் செய்தி ஒன்று 2021இல் வெளிப்பட்டது. அது நம்பத்தக்கதா என்று ஆய்வாளர் வாதிடுகின்றனர். ஏடும் எல்லா நேரமும் தெளிவு தருவதில்லை. குடியால் நலிந்த வில்ஸ் 1880ஆம் ஆண்டு தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

பழங்கதைதானே என இதனைத் தள்ளிவிட இயலாது. களத்தில் யார் வீட்டார், யார் விருந்தினர் என்னும் வினா இதனுள் மறைந்துள்ளது. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள், செயின்ட் கில்டா அணியின் தொல்குடி வீரர் நிக்கி வின்மர், ஆட்டம் முழுவதும் தம் நிறத்தை இழித்துக் கூவிய காலிங்வுட் கூட்டத்தின் முன் சட்டையைத் தூக்கித் தம் கருந்தோலைச் சுட்டி நின்றார். இரண்டாண்டுக்குப் பின் மைக்கேல் லாங் தொடுத்த முறையீட்டின் விளைவாகவே களத்தில் இனவசையைத் தண்டிக்கும் விதி வந்தது. பத்து விதிகளாய்த் தொடங்கிய ஏட்டில் இதை எழுத 136 ஆண்டுகள் ஆயின.

சிட்னி அணியின் ஆடம் குட்ஸ் 2015ஆம் ஆண்டு மே மாதம், தொல்குடியினர்க்கென ஒதுக்கிய சுற்றில், ஒரு கோல் அடித்தபின் எதிரணி ஆதரவாளர் முன் போர்க்கூத்து ஆடினார். தொல்குடி இளைஞர் அணியினரிடம் அவர் கற்ற கூத்து அது. முன்பே எழுந்திருந்த ஏளனக் கூச்சல் அதன்பின் திடல்தோறும் பெருகியது. அவ்வாண்டு இறுதியில் அவர் ஆட்டத்தை விட்டு விலகினார். 2019ஆம் ஆண்டு ஜூனில் ஆஸ்திரேலியக் கால்பந்து லீகும் பதினெட்டு அணிகளும் அவரிடம் மன்னிப்புக் கேட்டன. அதே காலத்தில்தான், மேற்கு விக்டோரியத் தொல்குடியினரின் ஆட்டம் வில்ஸுக்குச் சில அடிப்படைகளைத் தந்தது என லீக் ஏற்றுக்கொண்டது. 2021ஆம் ஆண்டு ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் குட்ஸுக்கு இடமளிக்க முன்வந்தனர். அவர் அதனை ஏற்கவில்லை.