நிலவில் பாங்கு கேட்டதா?

நம் இல்லங்களில் பல ஆண்டுகளாக உலவிவரும் செய்தி ஒன்று உண்டு. நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் நடந்தபோது இனம்புரியாத ஓர் ஒலியைக் கேட்டாராம். பின்னர் முஸ்லிம் நாடொன்றில் அதே ஒலியைக் கேட்டு, அது பாங்கு என்றறிந்து இஸ்லாத்தைத் தழுவினாராம். மத்ரஸாப் பிள்ளைகள் இதை ஆவலோடு கேட்கும்போது "ஆம்" என்று சொல்லிவிடுவது நமக்கு எளிது. ஆனால் வரலாறு வேறாக இருக்கிறது.

1961 ஏப்ரல் 12 அன்று சோவியத் யூனியனின் யூரி ககாரின் 108 நிமிடப் பயணத்தில் பூமியை ஒருமுறை சுற்றி, விண்வெளி கண்ட முதல் மனிதரானார். எட்டே ஆண்டுகளில், 1969 ஜூலை 20 அன்று, அமெரிக்காவின் அப்பல்லோ 11 பயணத்தில் ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கினர். மைக்கேல் காலின்ஸ் நிலவைச் சுற்றும் கலத்திலேயே இருந்தார். அங்கே ஒலியைச் சுமந்து செல்லக் காற்று இல்லை. தலைக்கவசத்தினுள் அவர்கள் கேட்ட குரல்கள் வானொலி அலைகள் வழியே வந்தவை.

மதமாற்றச் செய்தி பரவியதால் ஆம்ஸ்ட்ராங் தாமே அதை மறுத்தார். 1983 மார்ச் மாதத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை, முஸ்லிம் நாடுகளிலுள்ள தன் தூதரகங்களுக்கு அம்மறுப்பை அனுப்பியது. எம்மதத்தையும் அவமதிப்பது அவர் நோக்கமன்று என்பதும் அதில் கூறப்பட்டிருந்தது.

நம் சமூகத்தின் சிறப்பைச் சொல்ல இந்தக் கதை தேவையுமில்லை. எகிப்தில் பிறந்த நிலவியல் அறிஞர் ஃபாரூக் அல்பாஸ், அப்பல்லோ கலங்கள் இறங்க வேண்டிய இடங்களைத் தேர்ந்த குழுவின் செயலராக இருந்தார். நிலவின் தரையை உற்றுநோக்க விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். 1985 ஜூன் 17 அன்று, ரமளானின் இறுதி நாள்களில், சவூதி இளவரசர் சுல்தான் பின் சல்மான் டிஸ்கவரி விண்கலத்தில் பயணித்து, விண்வெளி சென்ற முதல் முஸ்லிமானார். 2007 அக்டோபரில், மீண்டும் ஒரு ரமளானில், மலேசிய மருத்துவர் ஷேக் முஸாஃபர் ஷுகூர் பன்னாட்டு விண்வெளி நிலையம் சென்றார். நாளொன்றுக்குப் பதினாறு முறை சூரியன் உதிக்கும் அவ்விடத்தில் தொழுகை எவ்வாறு என்று மலேசிய உலமாக்கள் ஆராய்ந்தனர். புறப்பட்ட இடத்தின் நேரப்படி ஐவேளை தொழலாம். கிப்லாவை இயன்றவரை முன்னோக்கினால் போதும் என வழிகாட்டினர்.

தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரிக்குமாறு அல்லாஹ் சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனத்தில் கட்டளையிடுகிறான். யார் சொன்னது என்றே அறியாத செய்தியில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! நாம் சொன்ன கதை பொய்யென்று நம் பிள்ளை நாளை கண்டுகொண்டால், நாம் கற்பித்த உண்மைகளையும் அது ஐயுறத் தொடங்கும். பொய்யின் துணை நம் தீனுக்கு ஒருபோதும் தேவைப்பட்டதில்லை.

அல்லாஹ் நம் நாவுகளை உண்மையில் நிலைபெறச் செய்வானாக, ஆமீன்.