கட்டியவர் விட்டுச்சென்ற ஒற்றை வரி

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று கேட்டால் 3 என்று முதல் வகுப்புப் பிள்ளை சொல்லும். 2003ஆம் ஆண்டில் எங்கள் துறையின் கணிப்பொறி 15 என்று சொன்னது.

முதுகலை முடித்து வேலையில் சேர்ந்த புதிது. துறை நூலகத்தின் நூற்பட்டியலை ஒருங்குறியில் உள்ளிட்டு, போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளில் சேர்த்துவந்தோம். தலைப்பின் முதல் 10 எழுத்துகளை மட்டும் காட்டு என்றால், 3 குறிகளைக் காட்டிவிட்டு நான்காவதை நடுவில் அறுத்து, கேள்விக்குறியொன்றை நட்டுவைக்கும். பிழை எங்கள் தட்டச்சில்தான் என்று இரண்டு வாரம் மெய்ப்புப் பார்த்தோம். பிறகு கணிப்பொறியியல் மாணவர் ஒருவரை அழைத்துவந்தோம். அவர் நாங்கள் உள்ளிட்ட எதையும் பார்க்கவில்லை. ஒரே ஒரு கட்டளையை அடித்தார். நீண்ட வரியொன்று வந்தது. அதைப் படித்துவிட்டு, "இதைக் கட்டியவர் மல்டிபைட்டைச் சேர்க்கவில்லை ஐயா" என்றார். கட்டியவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு முன்பே வந்து, நிறுவிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கட்டளையின் பெயர் பிஜி-கான்ஃபிக். அதன் வரலாறு சிறியது என்றாலும் சொல்லத்தக்கது.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986இல் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் ஆய்வுத்திட்டமே இம்மென்பொருளின் மூலம். 1994இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்னும் இரு மாணவர்கள் அதற்கு எஸ்க்யூஎல் மொழியைக் கற்பித்தனர். 1996இல் இப்போதைய பெயர் வந்தது. அதன்பின் அது பல்கலைக்கழகத்தின் சொத்தாக இல்லை; பல நாடுகளில் சிதறிக் கிடந்த தன்னார்வலர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள்.

திறந்த மூல மென்பொருளில் ஒரு சிக்கல் உண்டு. மூலநிரல் ஒன்றுதான், ஆனால் அதை எடுத்துத் தன் கணிப்பொறிக்கேற்பத் தொகுத்துக் கட்டிக்கொள்பவர் ஒவ்வொருவரும் சில முடிவுகளை எடுக்கிறார். எந்த அடைவில் வைப்பது, எந்த வசதியைச் சேர்ப்பது, எதை விடுவது என்பவை அம்முடிவுகள். கட்டி முடித்தபின் அவை நிரலுக்குள் மறைந்துவிடுகின்றன. சுவடிப் பதிப்பு வரலாறு படித்தவர்க்கு இது புதிதன்று. பாடம் வேறுபடுகிறது என்றால் எந்த ஏட்டைப் பார்த்து எழுதியது என்றுதானே முதலில் கேட்போம்? உ.வே.சா. தம் முகவுரைகளில் ஏடு தந்தவர்களின் பெயர்களைப் பொறுமையாக வரிசைப்படுத்தியது வெறும் நன்றியறிதல் மட்டுமன்று.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே 2001இல் வெளியான 7.1ஆம் பதிப்பில் பிஜி-கான்ஃபிக் சேர்ந்தது. முதலில் பீட்டர் ஐசென்ட்ராவுட் எழுதிய சிறு ஷெல் நிரலாக இருந்தது. ஆண்ட்ரூ டன்ஸ்டன் பின்னர் சி மொழிக்குக் கொண்டுவந்தார். நிரல் எங்கே இருக்கிறது, தலைப்புக் கோப்புகள் எங்கே, எந்தத் தொகுப்பி, எந்தக் கொடிகள் என்று கேட்டதற்கெல்லாம் ஒவ்வொரு வரியில் விடை தரும். போஸ்ட்கிரெஸோடு இணைந்து இயங்க வேண்டிய பிற நிரல்கள் தம்மைக் கட்டிக்கொள்ளும்போது இதனிடம்தான் வழி கேட்கின்றன. பைத்தானில் வேலை செய்பவர்கள் சைகோபிஜி2 தொகுப்பை மூலநிரலிலிருந்து நிறுவும்போது 'பிஜி-கான்ஃபிக் காணவில்லை' என்னும் பிழைச்செய்தியை ஒருமுறையேனும் சபித்திருப்பார்கள்.

இனி அந்த 15க்கு வருவோம். ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகள். த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என 5 குறிகள், 15 பைட்டுகள். பல பைட்டுகள் சேர்ந்து ஓர் எழுத்தாகும் என்பதைப் போஸ்ட்கிரெஸுக்கு 1998இல் கற்பித்தவர் ஜப்பானியரான தட்சுவோ இஷி. தம் மொழிக்குத் தேவைப்பட்டதால் செய்தார். ஆனால் அது விரும்பினால் சேர்க்கும் உறுப்பாகவே இருந்தது; கட்டும்போது வெளிப்படையாகக் கேட்காவிட்டால் சேராது. 2002இன் இறுதியில் வந்த 7.3ஆம் பதிப்பில்தான் அது எல்லாருக்கும் உரியதாயிற்று. எங்களிடம் இருந்தது 7.2. ஆங்கிலத்துக்கு எந்தக் குறையும் வைக்காத அந்த விடுபாடு, தமிழை எழுத்துகளாக அல்லாமல் பைட்டுகளின் குவியலாக மாற்றியிருந்தது. தட்டச்சுப் பிழையென்று நாங்கள் எங்களையே நொந்துகொண்டிருந்தோம்.

இந்தச் சாட்சிக்கும் எல்லை உண்டு. கட்டும்போது கட்டளையாகக் கொடுத்ததை மட்டுமே அது சொல்லும். கட்டுமுன் மூலநிரலுக்குள் புகுந்து கையால் திருத்தியதை அந்த வரியில் காண முடியாது. ஆயத்தத் தொகுப்பாகத் தருபவர்கள் தம் ஒட்டுகளையும் சேர்த்திருக்கக்கூடும் என்று போஸ்ட்கிரெஸின் ஆவணமே எச்சரிக்கிறது. பெயர்களின் நீள வரம்பு அத்தகைய கைத்திருத்தங்களுள் ஒன்று. 7.2இல் அட்டவணைக்கோ பத்திக்கோ இடும் பெயர் 31 பைட்டுகளைத் தாண்டக்கூடாது, 7.3 முதல் 63. தமிழில் எண்ணினால் 10 குறிகளிலிருந்து 21 குறிகளுக்கு உயர்வு. இன்றும் இயல்பான அளவு அதுதான்.

2016இல் வந்த 9.6ஆம் பதிப்பு முதல் இவ்விவரங்களைத் தரவுத்தளத்துக்குள்ளிருந்தே அட்டவணைபோலப் பார்க்கலாம். இயல்பில் தலைமைப் பயனருக்கு மட்டும் அனுமதி.

மாணவர் பட்டியலை வெளியே எடுத்துவைத்தார். மல்டிபைட்டைச் சேர்த்து முதலிலிருந்து கட்டினார். எல்லாவற்றையும் மீண்டும் ஏற்றினார். 'தமிழ்' 5 ஆயிற்று. தொல்காப்பியர் கணக்குப்படி 3 ஆக வேண்டுமே என்றேன். "அது இதற்குத் தெரியாது ஐயா" என்றார். இன்றும் தெரியாது. 'நூலாசிரியர்_பெயர்' என்று நான் வைத்திருந்த பத்தி 49 பைட்டுகள். அது கடைசிப் புள்ளியையும் இழந்து 'நூலாசிரியர' என்று நின்றது. அவர் மூலநிரலில் 32ஐ 64 ஆகத் திருத்தி மறுபடியும் கட்டினார். பிறகு பிஜி-கான்ஃபிக் சொன்ன வரியைத் தாளில் எழுதிக் கணிப்பொறியின் பக்கவாட்டில் ஒட்டினார். அதன் கீழே, வேறு மையில், அந்த 64ஐத் தனியாக எழுதிவைத்தார்.