ஐந்தாம் எண் பின்னுக்குப் போன கதை

இங்கிலாந்துக் கால்பந்து வர்ணனையைக் கொஞ்ச நாள் கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தே தீரும். கோல்கீப்பருக்கு முன்னால் மதில்போல நிற்பவரை ‘சென்டர் ஹாஃப்’ என்கிறார்கள். மைதானத்தின் இரண்டு ஓரங்களிலும் மேலும் கீழுமாக ஓடுகிறவர்கள் ‘ஃபுல் பேக்’. கடைசி வரிசைக்காரர் பெயரில் பாதி, ஓரத்தில் ஓடுகிறவர் பெயரில் முழுசு. பெயருக்கும் இடத்துக்கும் பொருத்தமே இல்லை.

பொருந்திய காலம் ஒன்று இருந்தது. ஆஃப்சைடு விதியில் இருந்த ‘மூன்று’ என்ற எண் 1925இல் ‘இரண்டு’ ஆனபோதுதான் அந்தப் பொருத்தம் கலைந்தது.

1863 டிசம்பரில் லண்டனில் ஃபுட்பால் அசோசியேஷன் எழுதிய முதல் விதிகளின்படி, பந்துக்கு முன்னால் நிற்கிற சக வீரர் எவராக இருந்தாலும் ஆஃப்சைடுதான். முன்னால் பாஸ் கொடுக்க வழியில்லை. பந்தைக் காலோடு ஒட்டி உருட்டிக்கொண்டு ஒருவர் ஓட, மற்றவர்கள் பின்னாலேயே கூட்டமாக ஓடுவார்கள். 1866இல் விதி தளர்ந்தது. தனக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேர் இருந்தால், பந்துக்கு முன்னால் நிற்பவரும் ஆடலாம். அந்த மூவரில் கோல்கீப்பரும் ஒருவர்.

பாஸ் என்னும் கலை முளைவிட்டது இந்தத் தளர்வில்தான். 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. அதுவே முதல் அதிகாரபூர்வ சர்வதேசப் போட்டி. ஸ்காட்லாந்தின் பதினொரு பேரும் குயின்ஸ் பார்க் என்ற ஒரே கிளப்பைச் சேர்ந்தவர்கள், பழகி ஆடியவர்கள். உடல் பலத்தில் மிஞ்சிய இங்கிலாந்தை இணை இணையாகப் பந்தைப் பகிர்ந்து அவர்கள் சமாளித்தார்கள். கோலே விழாமல் ஆட்டம் முடிந்தது.

பாஸ் பரவப் பரவ, முன்வரிசையில் குவிந்திருந்தவர்களில் சிலரைப் பின்னுக்கு இழுக்க வேண்டியதாயிற்று. 1880களில் 2-3-5 என்ற வரிசை நிலைபெற்றது. முற்றிலும் பின்னால் இரண்டு ஃபுல் பேக்குகள், பாதித் தொலைவில் மூன்று ஹாஃப் பேக்குகள், முன்னால் ஐந்து ஃபார்வர்டுகள். மூன்று ஹாஃப்களில் நடுவில் நிற்பவர் சென்டர் ஹாஃப். தலைகீழாக வைத்த கோபுரம் போன்ற அந்த அமைப்புக்கு அவர்தான் அச்சாணி. எதிரணியின் பந்தைப் பறிப்பதும் தன் அணியின் தாக்குதலைத் தொடங்குவதும் அவரே. மான்செஸ்டர் யுனைடெட்டின் கேப்டனாக 1908, 1911 ஆண்டுகளில் லீக் பட்டம் வென்ற சார்லி ராபர்ட்ஸ் இந்த வகை ஆட்டக்காரர்.

இதற்கிடையே ஃபுல் பேக்குகள் விதியை நன்றாகவே படித்துவிட்டார்கள். நியூகாசில் யுனைடெட்டின் பில் மெக்ராக்கன் இதில் பேர்போனவர். இரண்டு ஃபுல் பேக்குகளில் ஒருவர் சட்டென்று முன்னேறி எதிரணி ஃபார்வர்டைக் கடந்து போய்விடுவார். இப்போது அந்த ஃபார்வர்டுக்கு முன்னால் மிஞ்சுவது இன்னொரு ஃபுல் பேக்கும் கோல்கீப்பரும் மட்டுமே. மூன்றுக்கு ஒன்று குறைகிறது, நடுவரின் விசில் ஒலிக்கிறது. ஒருவேளை கணக்குப் பிசகினாலும் நஷ்டமில்லை, பின்னால் ஒருவர் காவலுக்கு இருக்கிறாரே. பல கிளப்புகள் இதைக் கற்றுக்கொண்டதும் ஆட்டம் மைதானத்தின் நடுவில் ஒரு குறுகிய பட்டைக்குள் சிக்கியது. விசிலுக்கு மேல் விசில் ஒலிக்க, கோல்கள் அருகின.

ஸ்காட்லாந்துச் சங்கத்தின் யோசனைப்படி 1925இல் மூன்று இரண்டாயிற்று. முந்தைய பருவத்தில் இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் 462 ஆட்டங்களில் விழுந்தவை 1,192 கோல்கள். அடுத்த பருவத்தில் அதே எண்ணிக்கை ஆட்டங்களில் 1,703. பொறி வைக்க இனி இரண்டு ஃபுல் பேக்குகளும் சேர்ந்தே முன்னேற வேண்டும். ஒரு கணம் தப்பினால் எஞ்சுவது கோல்கீப்பர் மட்டும்தான்.

அந்தப் பருவத்தில்தான் ஹெர்பர்ட் சாப்மன் ஆர்சனலின் மேலாளராக வந்திருந்தார். அக்டோபர் 3 அன்று நியூகாசிலில் அவருடைய அணி 0-7 என்று நொறுங்கியது. சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து இரண்டு ஃபுல் பேக்குகளுக்கு நடுவில் நிறுத்த வேண்டும் என்று கேப்டன் சார்லி புக்கன் வாதாடினார். அப்படிச் செய்தால் நடுமைதானத்தில் ஓர் ஆள் குறையுமே. அதற்கும் புக்கனிடம் விடை இருந்தது. சென்டர் ஃபார்வர்டுக்கு இருபுறமும் நிற்கும் உள்பக்க ஃபார்வர்டுகளில் ஒருவர் இறங்கி வந்து அந்த இடைவெளியை நிரப்பட்டும். மூன்றாம் அணியில் ஆடிக்கொண்டிருந்த ஆண்டி நீல் என்பவரை சாப்மன் அதற்குத் தேர்ந்தெடுத்தார். இரண்டே நாளில் வெஸ்ட் ஹாமின் மைதானத்தில் ஆர்சனல் 4-0 என வென்றது.

நடுவில் வந்து நின்றவருக்கு இடம்விட்டு ஃபுல் பேக்குகள் ஓரங்களுக்கு நகர்ந்தார்கள். பிறகு இன்னொரு உள்பக்க ஃபார்வர்டும் இறங்கினார். கரும்பலகையில் வரைந்தால் முன்னால் ஐவர் ஆங்கில எழுத்து டபிள்யூ போலவும், பின்னால் ஐவர் எம் போலவும் தெரிவார்கள். டபிள்யூ-எம் என்ற பெயர் அப்படி வந்தது. சாப்மன் ஒருவர்தான் இப்படி யோசித்தார் என்பதில்லை. அதே காலத்தில் வேறு சில கிளப்புகளும் சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தன. ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் தகுந்த ஆளைத் தேடிப் பிடித்து, அதை ஓர் இயந்திரம்போல ஓடவிட்டவர் அவர்தான். ஹெர்பி ராபர்ட்ஸ் என்ற செந்தலைக்காரர் எதிரணியின் சென்டர் ஃபார்வர்டை ஒட்டி நின்று தடுப்பதையே முழுநேர வேலையாகக் கொண்டார். இத்தகையவருக்கு ‘ஸ்டாப்பர்’ என்று பெயர். இந்திய மைதானங்களில் இன்றும் ‘ஸ்டாப்பர் பேக்’ என்று சொல்வதில் அந்தச் சொல் வாழ்கிறது. 1931 முதல் 1935 வரையிலான ஐந்து பருவங்களில் ஆர்சனல் நான்கு முறை லீக் பட்டம் வென்றது. சாப்மன் 1934 ஜனவரியில், பணியில் இருக்கும்போதே காலமானார்.

இடம் மாறிய பிறகும் பெயர் மாறவில்லை, எண்ணும் மாறவில்லை. இங்கிலாந்து லீக்கில் 1939இல் சட்டை எண்கள் கட்டாயமானபோது பழைய 2-3-5 வரிசைப்படியே எண்ணினார்கள். கோல்கீப்பர் 1, ஃபுல் பேக்குகள் 2, 3, ஹாஃப்கள் 4, 5, 6. இதனால் பின்னால் நிற்கும் ஸ்டாப்பருக்கு 5 கிடைத்தது. எதிரணியின் சென்டர் ஃபார்வர்டான 9ஆம் எண்ணை விடாமல் தொடர்வது அவர் கடமையாயிற்று.

அந்தக் கடமையே 1953 நவம்பர் 25 அன்று வெம்பிளியில் பொறியானது. ஹங்கேரியின் 9ஆம் எண் ஹிடெக்குட்டி முன்னால் நிற்காமல் நடுமைதானத்துக்கு இறங்கிக்கொண்டார். இங்கிலாந்தின் 5ஆம் எண் ஹாரி ஜான்ஸ்டன் தவித்தார். பின்தொடர்ந்து போனால் கோலுக்கு முன்னால் பள்ளம் விழும், போகாவிட்டால் ஹிடெக்குட்டியைத் தடுக்க ஆளில்லை. ஹிடெக்குட்டி மூன்று கோல் அடித்தார், ஹங்கேரி 6-3 என வென்றது. ஹங்கேரியின் சக்கரியாஸ் என்ற ஹாஃப் பேக், தன் ஸ்டாப்பருக்குத் துணையாகப் பின்வரிசைக்கு நெருங்கி ஆடியதையும் பலர் குறித்துக்கொண்டார்கள். 1958இல் 4-2-4 வரிசையில் உலகக் கோப்பையை வென்ற பிரேசிலுக்குப் பின்வரிசை நடுவில் இருவர் நின்றார்கள்.

அர்ஜென்டினாவில் கதை வேறாகப் போனது. அங்கே சென்டர் ஹாஃப் நெடுங்காலம் பின்னுக்குப் போகாமல் நடுவிலேயே நின்றார். பின்வரிசைக்கு வேறு ஆள் இறங்கியபோதும் 5ஆம் எண் அவரிடமே தங்கியது. இன்றும் புவெனஸ் ஐரிஸில் ஒரு சிறுவன் ‘நான் ஐந்து’ என்று சொன்னால் மைதானத்தின் நடுவட்டத்துக்கு அருகே போய் நிற்பான். லண்டனில் அதே எண்ணை அணிந்தவன் தன் கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கிறான்.