உலர்களமும் அரசும்: கஞ்சாவைப் பாடஞ்செய்தலின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1. முன்னுரை

ஈழத்துக் கரையோர இடப்பெயர்களுள் காரைதீவு, கரைத்தீவு என்பன ஒன்றோடொன்று மயங்குவன. யாழ்ப்பாணத்துக் காரைநகர் முன்னர் காரைதீவு எனப்பட்டது. கல்முனைக்குத் தெற்கே கிழக்குக் கரையிலும் ஒரு காரைதீவு உண்டு. இக்கட்டுரை கருதுவது இவ்விரண்டையுமன்று; புத்தளத்துக்கு வடக்கே, கலா ஓயா கடலோடு கலக்கும் பகுதியை அடுத்துள்ள கரைத்தீவையும் அதனைச் சார்ந்த கரையோரத்தையுமே கருதுகிறது.

இக்கரையோரத்தின் பொருளியல் வாழ்வை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். இங்கு மக்கள் ஆக்கும் பண்டங்களிற் பெரும்பாலானவை வெயிலாலும் காற்றாலும் ஆக்கப்படுவன. கடல்நீர் பாத்திகளில் வற்றி உப்பாகிறது. மீன் உப்பேறி வெயிலில் காய்ந்து கருவாடாகிறது. கற்பிட்டிக் குடாநாட்டில் விளையும் புகையிலையும் அறுவடையோடு பண்டமாகி விடுவதில்லை. உலர்ந்து, பாடஞ்செய்யப்பட்ட பின்னரே அது சந்தைக்குரியதாகிறது. ‘பாடம்’ என்னும் சொல்லைப் புகையிலைத் தொழிலாளர் இப்பொருளிலேயே வழங்குவர். எவ்வளவு வெயில், எவ்வளவு நிழல், எப்போது புரட்டுவது, எப்போது மூடுவது என்பனவெல்லாம் அச்சொல்லில் அடங்கும்.

இதே கரையோரம் இன்று செய்தித்தாள்களில் அடிபடுவது பிறிதொரு உலர்ந்த பண்டத்தின் பொருட்டாகும். தென்னிந்தியாவிலிருந்து கடல் வழியாகக் கொண்டுவரப்படும் ‘கேரளக் கஞ்சா’ மன்னாரிலும் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் கடற்படையினராற் கைப்பற்றப்படுகின்றது. குற்றம், தண்டனை என்ற நோக்கில் மட்டும் பேசப்படும் இப்பொருளுக்கு உழைப்பின் வரலாறொன்றும் உண்டு. அவ்வரலாற்றில் அறுவடைக்குப் பிந்திய உலர்த்தல், பதப்படுத்தல் ஆகிய கட்டங்கள் யாருடைய கையில் இருந்தன, யாருடைய கைக்கு மாறின, அதன் விளைவு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வீட்டு இலை

இலங்கையின் வறண்ட வலயத்தில் கஞ்சா இலை எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு றொபேட் நொக்ஸ் எழுதிய நூல் பெறுமதி வாய்ந்த சான்றாகும். 1660இல் கண்டியரசனாற் சிறைப்படுத்தப்பட்ட இவ்வாங்கிலேயர் 1679இல் மல்வத்து ஓயாவின் வழியே தப்பிச் சென்று அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அரிப்பு, கரைத்தீவுக்கு வடக்கே, வில்பத்துக் காட்டுக்கு அப்பால் இதே மேற்குக் கரையில் அமைந்ததாகும். 1681இல் இலண்டனில் வெளியான தமது நூலில் நொக்ஸ், வடபுலத்து ஊர்களிற் பண்டம் விற்றுத் திரிந்த காலத்திற் குளத்து நீரைக் குடித்துக் காய்ச்சலுற்றதையும், அதற்கு மாற்றாக உலர்ந்த இலையொன்றைப் பொடித்து வெல்லக் கட்டியுடன் சேர்த்துக் காலையும் மாலையும் வெறுவயிற்றில் உண்ணக் கற்றதையும் குறிப்பிடுகிறார். போர்த்துக்கேய வழக்கில் ‘பங்கா’ எனப்பட்ட அவ்விலை, ‘பங்கி’ எனத் தமிழ் மருத்துவமும் அறிந்த கஞ்சாவே. நொக்ஸின் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு றொபேட் ஹுக் 1689 டிசம்பரில் இலண்டன் வேத்தியற் கழகத்தில் இவ்விலை பற்றி உரையாற்றினார்.

நொக்ஸ் கூறும் முறை மிக எளியது. உலர்த்துதல், பொடித்தல், வெல்லம் சேர்த்தல் என மூன்றே வினைகள். இவற்றுக்குத் தனிக்களமோ கூலியாளோ தேவையில்லை. எந்தக் குடிசையின் முற்றத்திலும் செய்யத்தக்கவை. சந்தைக்குரிய பண்டமென்பதைவிட வீட்டு மருந்தென்ற நிலையிலேயே இலை இங்குக் காணப்படுகிறது.

சித்த மருத்துவ மரபில் கோரக்கர் மூலி எனவும் வழங்கப்பெறும் இம்மூலிகை, ‘சுத்தி’ செய்யப்பட்ட பின்னரே மருந்திற் சேர்க்கப்படும். இலையை நீரில் மீண்டும் மீண்டும் கழுவிப் பச்சைச்சாறு நீங்கியபின் உலர்த்தி, நெய்யில் வறுத்தெடுப்பது அவற்றுள் ஒரு முறையாகும். இவ்விடத்து உலர்த்தல் இருமுறை நிகழ்வதை நோக்குதல் வேண்டும். முதல் உலர்த்தல் இலையைக் காக்கிறது. இரண்டாவது உலர்த்தல் அதை மருந்தாக்குகிறது. இரண்டும் வைத்தியரின் அல்லது அவரது மாணாக்கரின் கண்காணிப்பிலேயே நடைபெற்றன. பொருளின் வயது, நிறம், மணம் ஆகியவற்றை அறிந்தவரே அதன் அளவையும் தீர்மானித்தார்.

3. வங்காளத்து உலர்களம்

வீட்டு முற்றத்தில் நிகழ்ந்த இவ்வினை பெருந்தொழிலாக மாறிய நிலையைக் காண நாம் வங்காளத்துக்குச் செல்லவேண்டும். இலங்கையிற் போலன்றி, அங்கு இத்தொழில் பற்றிய அரசாங்க ஆவணங்கள் விரிவாகக் கிடைக்கின்றன. ராஜ்ஷாகி மாவட்டத்தின் நவகாவ் பகுதியில் உரிமம் பெற்ற உழவர்களால் மட்டுமே கஞ்சா பயிரிடப்பட்டது. ஹேம் சந்திர கேர் 1877இலும், தாவரவியலாளர் டேவிட் பிரெயின் 1893இலும் இத்தொழிலை ஆராய்ந்து அறிக்கையிட்டனர். 1893இல் நியமிக்கப்பெற்ற இந்திய கஞ்சா மருந்துகள் ஆணைக்குழு 1,193 சாட்சிகளை விசாரித்து 1894இல் தனது அறிக்கையை முடித்தது.

இவ்வறிக்கைகள் தரும் செய்திகளின்படி, ஆண் செடிகளை இனங்கண்டு களைந்தெறிவதற்கென்றே தனித்திறன் பெற்ற தொழிலாளர் இருந்தனர். பெண் செடிகள் மாசி, பங்குனி மாதங்களில், அதாவது அப்பகுதியின் மழையற்ற காலத்தில், வெட்டப்பட்டு ‘சாத்தர்’ எனப்படும் களத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கு வெயிலிற் பரப்பப்பட்டு, வாடிய நிலையில் காலால் மிதிக்கப்பட்டன. மிதித்தலின் நோக்கம், பூந்தலைகளிற் சுரந்த பிசினோடு இலைகளை ஒட்டச்செய்து, வேண்டாத இலைகளை உதிர்ப்பதாகும். பின்னர் குவித்துப் பாயால் மூடுவர், மறுநாள் மீண்டும் பரப்புவர், மீண்டும் மிதிப்பர். இவ்வாறு சில நாட்கள் தொடரும். மிதித்து அழுத்தித் தட்டையாக்கப்பட்டது தட்டைக் கஞ்சா. மூங்கிற் கழியைக் கையாற் பற்றிக்கொண்டு தொழிலாளர் பாதத்தால் உருட்டித் திரட்டியது உருண்டைக் கஞ்சா. இவற்றிலிருந்து உதிர்ந்த துணுக்குகள் ‘சூர்’ எனப்பட்டன.

ஒரே வயலின் ஒரே செடி, உலர்களத்திற் பெற்ற உழைப்பின் வேறுபாட்டால் மூன்று பண்டங்களாயிற்று என்பது இங்குக் கருதத்தக்கது. தட்டைக் கஞ்சாவில் காம்பு மிகுதி, உருண்டையில் குறைவு, சூரில் அறவே இல்லை எனலாம். குடியேற்றநாட்டு அரசு இவ்வேறுபாட்டை நன்கறிந்து மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு தீர்வை விதித்தது. தொழிலாளியின் பாதம் உண்டாக்கிய பாகுபாடு இவ்வாறு வருவாய்த்துறையின் கணக்கேட்டிற் பாகுபாடாகப் பதிவுபெற்றது.

இக்கட்டத்திலேயே வரலாற்றுத் திருப்பம் நிகழ்கிறது. வயலில் நிற்கும் செடியை எண்ணி வரிவிதிப்பது கடினம். புகைப்பவனிடம் வரிவாங்குவது அதனிலும் கடினம். ஆனால் களத்தில் உலர்ந்து, நிறுத்துக் கட்டப்படும் பண்டம் அதிகாரியின் கைக்கு எட்டுவது. எனவே அரசு, உரிமம் பெறாத வீட்டுத் தோட்டத்தைத் தடுத்து, களத்தைக் கண்காணித்து, பண்டத்தைப் பண்டகசாலைக்குள் அடக்கியது. சென்னை மாகாணத்திலும் கிருஷ்ணா மாவட்டத்துச் சந்தராவூர்ப் பகுதியில் உரிமமுறைப் பயிர்ச்செய்கை நடைமுறைக்கு வந்தது. மிதமான பயன்பாடு பொதுவாகத் தீங்கற்றது எனவும், முற்றான தடை வேண்டியதன்று எனவும் ஆணைக்குழு முடிவு கூறியமைக்கு அதன் ஆய்வு நேர்மை ஒரு காரணமாகலாம். அரசின் வருவாய் நலனும் அம்முடிவோடு முரண்படவில்லை என்பதையும் மறத்தலாகாது.

நவகாவ் உழவர்கள் 1917இல் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கமொன்றை அமைத்தனர். இடைத்தரகரை விலக்கித் தம் விளைவைத் தாமே விற்க முனைந்த இம்முயற்சி, வங்காளக் கூட்டுறவு வரலாற்றில் தனியிடம் பெறுவது. இப்பகுதி பின்னர் கிழக்குப் பாகிஸ்தானுக்கும் அதன்பின் பங்களாதேசத்துக்கும் உரியதாயிற்று. 1980களின் பிற்பகுதியில் பயிர்ச்செய்கை அரசினால் நிறுத்தப்பட்டதோடு களங்களும் மறைந்தன.

4. முதுமையின் இரசாயனம்

உலர்த்தலும் சேமித்தலும் ஏன் இத்துணை முக்கியத்துவம் பெறுகின்றன என்பதை இரசாயனவியல் பின்னர் விளக்கியது. 1896இல் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் ஆகிய ஆங்கிலேய ஆய்வாளர் கஞ்சாப் பிசினிலிருந்து ‘கனபினோல்’ என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். இதுவே மயக்கந்தரும் மூலப்பொருளென முதலிற் கருதப்பட்டது. ஆனால், மயக்கத்துக்குரிய முதன்மைப் பொருளான டெட்ராஹைட்ரோகனபினோல் 1964இல் கவோனி, மெக்கூலம் ஆகிய இஸ்ரேலிய ஆய்வாளரால் தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்டு அதன் அமைப்புத் தெளிவாக்கப்பட்டது. காற்றும் ஒளியும் வெப்பமும் படப்பட அப்பொருள் சிதைந்து, வீரியங் குறைந்த கனபினோலாக மாறுகிறது. பழஞ்சரக்கில் மிகுந்திருக்கும் பொருளையே முன்னையோர் மூலப்பொருளெனக் கொண்டிருந்தனர்.

ஈரப்பதம் மற்றுமோர் இடராகும். முற்றாக உலராத பூந்தலையைக் குவித்தால் பூஞ்சணம் பிடிக்கும். அளவுக்கு மீறி வெயிலிற் காய்ந்தால் மணமும் வீரியமும் போகும். கடற்காற்று வீசும் கரையில் உலர்ந்த பொருளும் மீண்டும் ஈரத்தை உறிஞ்சும். கருவாட்டையும் புகையிலையையும் கையாளும் கரையோர மக்கள் இதனை நூலின்றியே அறிவர். களத்தில் நாட்கணக்காகப் புரட்டியும் மூடியும் திறந்தும் தொழிலாளர் செய்துவந்தது இவ்விரு கேடுகளுக்கும் இடைப்பட்ட வழியைக் கண்டறிவதேயாம்.

பிரித்தானிய மருந்தாக்க நூலிலிருந்து 1932இல் கஞ்சா நீக்கப்பட்டது. அதற்கான காரணங்களுள், சரக்குக்குச் சரக்கு வீரியம் மாறுபட்டு, மருந்தளவை உறுதிசெய்ய இயலாமற்போனதும் ஒன்றாகும். இந்தியக் களத்திலிருந்து இலண்டன் மருந்துக் கடைவரை சென்ற நெடும் பயணத்தில், பொருளின் வயதை அறிந்தவர் எவரும் அதனுடன் செல்லவில்லை.

5. இலங்கைச் சட்டமும் வழக்குப் பொருளும்

1925ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை கஞ்சாவைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நச்சுப்பொருட்கள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. 1961இல் உருவான ஐக்கிய நாடுகளின் தனி உடன்படிக்கை, பிசின் நீக்கப்படாத பூந்தலையையும் காய்த்தலையையுமே கஞ்சா என வரையறுத்து, தலையோடு சேராத இலையையும் விதையையும் அவ்வரையறைக்குப் புறம்பாக்கியது. இலை, பூந்தலை, பிசின் எனக் களத்தொழிலாளர் வழக்கிலிருந்த பகுப்பை இவ்வரையறையிலும் காணலாம்.

அதே 1961இல் இலங்கையில் நிறைவேறிய ஆயுர்வேதச் சட்டம், சுதேச வைத்தியர்களின் தேவைக்கு இடமளித்தது. மதன மோதகம் போன்ற மருந்துகளுக்குக் கஞ்சா இன்றியமையாதது. ஆனால் பயிரிடுதல் குற்றமாயிருக்க, மருந்துக்குரிய சரக்கு எங்கிருந்து வரும்? பொலிசார் கைப்பற்றி நீதிமன்றங்களில் வழக்குப் பொருளாக வைத்திருந்த கஞ்சாவே, வழக்கு முடிந்தபின் மருந்தாக்கத்துக்கு வழங்கப்பட்டது. அவ்வாறு வந்துசேரும் சரக்கு நான்கைந்து ஆண்டுகள் பழையதென்றும், அதற்குள் வீரியத்தை இழந்துவிடுகிறதென்றும் வைத்தியர்கள் முறையிட்டமையை 2017ஆம் ஆண்டளவில் அன்றைய சுகாதார அமைச்சரே பகிரங்கமாகக் கூறி, அரசாங்கப் பயிர்ச்செய்கைத் திட்டமொன்றையும் முன்மொழிந்தார்.

இந்நிலைமையின் முரண்பாடு வெளிப்படை. யாரோ ஓர் உழவன் மறைவான சேனையிலோ கடலுக்கப்பாலுள்ள மலைச்சாரலிலோ, அகப்படுமுன் முடிக்கவேண்டுமென்ற அவசரத்தில் உலர்த்திய பொருள். கடல்வழி வந்ததாயின் படகில் உப்புநீர்த் திவலை பட்ட பொருள். சாக்கிற் கட்டியபடி நீதிமன்றக் களஞ்சியத்திற் கிடந்த பொருள். அதுவே நோயாளியின் மருந்தாகிறது. வைத்தியர் அதன் விளைநிலத்தை அறியார்; உலர்த்திய முறையை அறியார்; வயதையும் திட்டமாக அறியார். நொக்ஸின் காலத்துக் கிராமத்தவர் கூட இவ்வளவு அறியாமையோடு அவ்விலையை உண்டதில்லை. வீரியமிழந்த சரக்கு மருந்தைப் பயனற்றதாக்கும். பூஞ்சணம் பற்றிய சரக்கோ நோயாளிக்கு நேரடியாகவே தீங்கிழைக்கும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றை ஒருங்கே நோக்கின், மூன்று கட்டங்கள் தெளிவாகின்றன. முதலாவதில் உலர்த்தும் அறிவு வீட்டாரிடமும் வைத்தியரிடமும் இருந்தது. இரண்டாவதில் அது களத்தொழிலாளரின் தனித்திறனாக வளர்ந்தது. அதன் பயனில் பெரும்பங்கை அரசு தீர்வையாகப் பெற்றது. மூன்றாவதில் அத்திறன் குற்றமாக்கப்பட்டு, பொருள் மட்டும் குற்றச்சான்றாக எஞ்சியது. அறிவு பொருளிலிருந்து பிரிக்கப்பட்டமையே இம்மாற்றத்தின் சாரம்.

2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, 1961 உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்கியது. 2025இல் இலங்கை அரசு ஏற்றுமதிக்கான மருத்துவக் கஞ்சாப் பயிர்ச்செய்கைக்கு வெளிநாட்டு முதலீட்டாளரை அனுமதிக்கத் தீர்மானித்தது. வெப்பமும் ஈரமும் கருவிகளால் அளக்கப்படும் உலர்த்தும் அறைகள் இனி இந்நாட்டிலும் எழலாம். கஞ்சாவைப் பரவலாக்க வேண்டும் என்பது இங்கு எமது வாதமன்று. அதனால் இளைஞர் பலர் அடையும் கேட்டை எவரும் மறுக்கவியலாது. நாம் கேட்பது வேறொன்று. அயல்நாட்டு நோயாளிக்குப் புதிய, அளவறிந்த சரக்கு இந்நாட்டு மண்ணிலிருந்தே செல்லுமாயின், கரைத்தீவிலோ வண்ணாத்திவில்லிலோ வாழும் நோயாளிக்கு வயதறியாத வழக்குப் பொருள்தான் விதிக்கப்பட்டதா?

இக்கேள்விக்கு விடைகாண முனைவோர் சட்ட நூல்களோடு அமையாது, சுதேச வைத்தியரின் ஏடுகளையும், புகையிலையும் கருவாடும் பாடஞ்செய்யும் உழைப்பாளரின் அனுபவத்தையும் முறையாகத் தொகுத்தல் வேண்டும். அத்தொகுப்புப் பணி பல்கலைக்கழகங்கள் தாமதமின்றி மேற்கொள்ளவேண்டியதொன்றாகும்.