ஊட்டுக்குக் கொண்டுபோகும் முடிவு

"ஊட்டுக்கே கொண்டு போயிறலாமுங்க." உடுமலைப்பேட்டை வட்டாரத்தில், மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும் பெரியவரைச் சுற்றி நின்று உறவினர்கள் இப்படிச் சொன்னால், காசுக்குப் பயம், அறியாமை என்று எளிதாக ஒதுக்கிவிடுகிறோம். காசுப் பிரச்சினை உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு பழைய வழக்கமும் இருக்கிறது. சொந்த வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், பிள்ளைகள் வாயில் பால் விட, உயிர் பிரிய வேண்டும். வெளியில் இறந்தவரின் உடலை வீட்டுக்குள் ஏற்றப் பல ஊர்களில் இன்றும் தயங்குவார்கள். முன்பெல்லாம் கோவைப் பெரியாஸ்பத்திரி வரையிலான சுமார் 70 கிலோமீட்டர் தூரமே பாதி முடிவை எடுத்துவிடும். 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தபின் முடிவு நிமிடங்களுக்குள் சுருங்கியது. ஆஸ்பத்திரி சேர்ந்ததும், செயற்கைச் சுவாசக் குழாய் போடலாமா என்று மருத்துவர் கேட்கிறார். போட்டபின் எடுக்கச் சொல்வது யார் என்று குடும்பம் மிரள்கிறது.

இதில் வீடா, ஆஸ்பத்திரியா என்பதைவிட, யார் சொல் என்பதே முக்கியம் என்பது என் கருத்து. கங்க அமைச்சர் சாமுண்டராயரின் சகோதரி புலியப்பை நோன்பிருந்து உயிர்விட்டதற்கான நினைவுக்கல் விஜயமங்கலம் சமணக் கோயிலில் இருக்கிறது. அந்த முடிவு அவருடையது; அதனால்தான் ஊர் அதைக் கல்லில் வெட்டி வைத்தது. தென்மாவட்டங்களில் பேசப்படும் தலைக்கூத்தலில் நடப்பது நேர்மாறு. முதியவரைக் கேட்காமலே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகவிடுகிறார்கள். அது கொலை. குடும்பம் மட்டுமே பேசும் இடத்தில் அன்பையும் அலுப்பையும் பிரித்தறிய வழியில்லை.

நினைவிழந்தவரிடம் எப்படிக் கேட்பது என்பார்கள். நியாயமான கேள்வி. பயிர்மருந்து குடித்தவர், பாம்பு கடித்தவர், விபத்தில் சிக்கிய இளைஞர் ஆகியோர் விஷயத்தில் கேள்விக்கே இடமில்லை. யார் தடுத்தாலும் சிகிச்சைதான். முற்றிய புற்றுநோயாளிக்கும் செயலிழந்த இதயத்தோடு படுக்கையில் கிடப்பவருக்கும் கதை வேறு. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், உயிர்காப்புச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023இல் நடைமுறையையும் எளிதாக்கியது. ஆனாலும் சிகிச்சையை நிறுத்த இரண்டு மருத்துவக் குழுக்கள், ஒவ்வொன்றும் முடிவெடுக்க 48 மணி நேரம் என்ற ஏற்பாடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் பொருந்தும். மூச்சு நிற்கும் நிமிடத்துக்குப் பொருந்தாது. இதயம் நின்றால் மீட்பு முயற்சி வேண்டாம் என்று முன்பே குறித்துவைக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வழிகாட்டியது. அதுவும் நோயாளியிடம் முன்னதாகப் பேசியிருந்தால்தான் பயன்படும்.

வீட்டுக்குக் கொண்டுபோவதில் தவறில்லை. வலிக்கு மருந்தில்லாமல், மூச்சுத்திணறலுக்கு உதவியில்லாமல், ஒரு கையெழுத்தோடு அனுப்பிவிடுவதுதான் தவறு. வலிக்குத் தரப்படும் மார்பின் மருந்து கிடைப்பதை எளிதாக்க 2014லேயே சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே, நீண்டநாள் நோயாளி வீட்டில் இருந்தால், அவர் தெளிவாகப் பேசும்போதே அவர் விருப்பத்தைக் கேளுங்கள். இரண்டு சாட்சிகளோடு எழுதி, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்குங்கள். நகலை மருத்துவரிடம் கொடுங்கள். ஒன்றை 108 ஊழியர் கண்ணில் படும்படி வையுங்கள்.